ரங்கநாயகி போட்ட சிவப்பு வட்டங்கள்

திருநகர்
7 ஜூலை, திங்கள்

அக்கா,

"அன்புள்ள" என்று ஆரம்பித்து இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். கிளம்பும்போது நாம் போட்ட சண்டைக்கு அந்த வார்த்தை ஒட்டவில்லை. வீட்டில் சௌராஷ்ட்ரத்தில் கத்திவிட்டு இங்கே உட்கார்ந்து தமிழில் சமாதானம் எழுதுவது, தாலுகா ஆபீசுக்கு மனு எழுதுவது மாதிரி இருக்கிறது. என்ன செய்வது, நம் பாஷையைப் பேசத்தான் தெரியும், எழுத நம் இருவருக்குமே தெரியாது.

இந்தக் கோச்சிங் விடுதிக்கு வந்த அன்றே போனை வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஆகஸ்ட் 24 தேர்வு. அது முடிந்த பிறகுதான் கொடுப்பார்களாம். வீட்டில் யாருக்காவது ரொம்ப முடியாமல் போனால் மட்டும் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிடலாம். அப்போதும் வார்டன் பிலோமினாள் பக்கத்திலேயே நிற்பார். நல்லவேளையாக முத்திருளன் அண்ணன் இருக்கிறார். உன் பதிப்பகத்தின் கைடு கட்டுகளை வண்டியில் கொண்டுவந்து இறக்க செவ்வாயும் வெள்ளியும் இங்கே வருகிறார். அதே நாளில் போகும்போதும் திரும்பும்போதும் நீ எழுதும் கேள்வித் தாளுக்காக வீட்டுக்கு வருவார் அல்லவா? அவர் கையில்தான் இதைக் கொடுக்கிறேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. முப்பத்திரண்டு வயதாகிவிட்டது. அக்டோபரோடு வங்கித் தேர்வுக்கு வயது தாண்டிவிடும். இது ஐந்தாவது தடவை, கடைசித் தடவை. நான்கு தடவையும் இங்கிலீஷில்தான் கவிழ்ந்தேன், அதிலும் வெர்ப் கொடுத்து அதே பொருள் வரும் வேறு வெர்பைக் கேட்கும் இடத்தில். கணக்கில் யாரும் என் பக்கத்தில் வர முடியாது. ஆனால் ஒரு வெர்புக்குக் கீழே நான்கு ஆப்ஷனைப் பார்த்தால் நான்கும் சரி என்றே தோன்றுகிறது. அப்படித் தோன்றும்படி எழுதுவதுதான் உன் பிழைப்பு. ஊரில் பாதிப் பேரைக் குழப்பிவிட்டவள் நீ, கூடப் பிறந்தவளையாவது கரையேற்று. உன்னிடம் இருக்கும் வெர்ப்களை எனக்கு அனுப்பு.

அப்பா என்னைத் தேடுகிறாரா? மறதி நோய் வந்த இந்த இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட நான் இல்லாமல் அவர் இருந்ததில்லை. உன்னைத் தன் பழைய ஜவுளிக் கடைக்குள் நுழைந்த திருடி என்று நினைத்து அந்தத் துணி அளக்கும் இரும்புக் கோலை எடுத்தால், என்னை மாதிரி அதட்டிப் பார். கேட்பார். "நாலு தடவை எழுதிக் கிழிச்சது போதாதா" என்று நீ சொன்னதை நான் மறந்துவிட்டேன். நான் உன்னைப் பயந்தாங்கொள்ளி என்றதை நீயும் மறந்துவிடு.

ஸ்வப்னா

---

கோச்சடை
10 ஜூலை, வியாழன்

ஸ்வப்னாவுக்கு,

முதல் பட்டியல் இத்துடன் இருக்கிறது. ஐம்பது வெர்ப், ஒவ்வொன்றுக்கும் நான்கு ஆப்ஷன். சரியானதைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன். வட்டத்தை மட்டும் பார். மற்ற மூன்றையும் விரலால் மறைத்துக்கொண்டு படி, இல்லாவிட்டால் அவையும் மனதில் ஏறிவிடும்.

இவை இன்னும் அச்சுக்குப் போகாத கேள்விகள். வெளியே போனது ஓனருக்குத் தெரிந்தால் என்னை வாசலோடு நிறுத்திவிடுவார். அதனால் நகல் எடுக்காதே, நோட்டில் குறிக்காதே. மனப்பாடம் செய், அடுத்த முறை முத்திருளன் வரும்போது தாளைத் திருப்பிக் கொடு. அது வந்தால்தான் அடுத்த பட்டியல் வரும்.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலை செய்கிறேன். அட்டையில் யாரோ ஒரு பேராசிரியர் பெயர் வரும், உள்ளே இருப்பது என் மண்டை. சரியான விடையை எழுத அகராதி போதும். தப்பான மூன்றை எழுதத்தான் ஆள் வேண்டும். படித்தவள் கை அங்கே போக வேண்டும், போன பிறகும் அவளுக்குச் சந்தேகம் வரக் கூடாது. அதை என்னைவிட நன்றாகச் செய்ய மதுரையில் ஆள் இல்லை என்று ஓனரே சொல்வார்.

முதல் வெர்ப் 'அபாண்டன்', விட்டுவிட்டுப் போவது. 'டெஸர்ட்', 'ஃபோர்ஸேக்' என்று அதற்கு இன்னும் வரிசையாக இருக்கிறது. வெள்ளைக்காரனுக்கு இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் சொல்லுக்குக் குறைவே இல்லை. இதில் உனக்குப் பயிற்சி தேவைப்படாது.

அப்பா நன்றாக இருக்கிறார். பகலில் ஆயா இருக்கிறாள். நான் அதட்டினால் கேட்பதில்லை, ஆனால் நன்றாக இருக்கிறார்.

ரங்கநாயகி

---

திருநகர்
17 ஜூலை, வியாழன்

என் குத்தல்கார அக்கா,

அபாண்டன் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன். பிறகு ஐம்பதையும் மனப்பாடம் செய்துவிட்டேன்.

கேள், மாதிரித் தேர்வில் இங்கிலீஷ் பகுதியில் ஐம்பதுக்கு நாற்பத்தாறு! என் வாழ்நாளில் பார்க்காத மார்க். என்னோடு அறையில் இருக்கும் டயானாவும் நானும் ஒரு முறை கண்டுபிடித்திருக்கிறோம். காலையில் குளியலறை வரிசையில் நிற்கும்போது அவள் ஒரு வெர்ப் சொல்வாள். அதே பொருளில் மூன்று சொல்லும்வரை நான் வாளியில் தண்ணீர் பிடிக்கக் கூடாது. "சொல்லுக்கா, இல்லேன்னா இன்னைக்குக் குளிக்க மாட்ட" என்று சிரிப்பாள். நேற்று 'புரோகிராஸ்டினேட்' என்ற வெர்பில் மாட்டிக்கொண்டு தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டுக் கடைசியில் முகம் மட்டும் கழுவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

உன்னிடம் சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். வேலை கிடைத்தால் எந்த மாநிலம் வேண்டும் என்று விண்ணப்பத்தில் வரிசைப்படுத்தச் சொன்னார்கள். தமிழ்நாட்டைக் கடைசியில் போட்டேன். முதலில் அஸ்ஸாம். அங்கெல்லாம் போட்டியும் குறைவு, பதவி உயர்வும் சீக்கிரம் என்றார்கள். மூன்று வருடமோ ஐந்து வருடமோ, என்ன இப்போது? நீ அப்பாவைப் பார்த்துக்கொள்வாய் என்ற தைரியத்தில்தான் போட்டேன். நீ இருக்கும்போது எனக்கு என்ன கவலை?

இரண்டாம் பட்டியலைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்றாவதைச் சீக்கிரம் அனுப்பு.

ஸ்வப்னா

---

கோச்சடை
24 ஜூலை, வியாழன்

ஸ்வப்னாவுக்கு,

மூன்றாம் பட்டியல் இத்துடன். நான்காவது செவ்வாய்க்கிழமை வரும். எழுத்து சாய்ந்திருக்கும். மேஜைக்கு ஒரு கால் ஆட்டம் கண்டுவிட்டது, மடியில் வைத்து எழுதினேன்.

அஸ்ஸாம் பற்றி எழுதியிருந்தாய். படித்தேன்.

வேறு ஒன்றும் இல்லை. ஆடிக் காற்றில் வீடு முழுக்க வைகை மணல். பிற்பகல் மூன்று மணி ஆனாலே பேனாவை வைத்துவிட்டு எழுந்துவிடுகிறேன். வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அப்பா நன்றாக இருக்கிறார்.

பட்டியலை நன்றாக மனப்பாடம் செய். தாளை மறக்காமல் திருப்பி அனுப்பு.

ரங்கநாயகி

---

திருநகர்
4 ஆகஸ்ட், திங்கள்

அக்கா,

முதலில் உன் கை. வெள்ளிக்கிழமை முத்திருளன் அண்ணன் கட்டை இறக்கிவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தங்கச்சி, ஒங்க அக்கா வலது கையில பெரிய கட்டாப் போட்டிருக்காக. கேட்டா பாத்ரூம்ல வழுக்கிருச்சுங்கிறாக. அம்புட்டு வீக்கம் வழுக்கி விழுந்ததுல வராது. எனக்கென்னமோ சரியாப் படல" என்றார். என்ன ஆயிற்று? நீ ஏன் எழுதவில்லை?

எனக்கும் இங்கே ஏதோ சரியில்லை. பத்து நாளாக மார்க் இறங்கிக்கொண்டே போகிறது. நாற்பத்தாறு, முப்பத்தெட்டு, முப்பத்தைந்து, சனிக்கிழமை முப்பத்தொன்று. தெரியாமல் தப்பாகப் போட்டால் பரவாயில்லை. நூற்றுக்கு நூறு நிச்சயமாகத் தெரியும் என்று தட்டியதெல்லாம் தப்பு என்று வருகிறது. தப்புக்குக் கால் மார்க் வேறு கழிக்கிறார்கள். கம்ப்யூட்டர் சரி, தப்பு என்று மட்டும்தான் காட்டும், எது சரி என்று காட்டாது.

'அபேட்' என்று ஒரு வெர்ப், உன் மூன்றாம் பட்டியலில் வந்தது. அதற்கு நீ எதை வட்டம் போட்டிருந்தாய்? எனக்கு 'அசிஸ்ட்' என்றே கண்ணில் நிற்கிறது. மூன்றாவது ஆப்ஷன், வட்டத்தின் மை கீழே கொஞ்சம் இழுபட்டிருந்தது, அதுகூட ஞாபகம் இருக்கிறது. ஆனால் தேர்வில் அதைப் போட்டால் தப்பு என்கிறது. தாளை உனக்குத் திருப்பி அனுப்பிவிட்டேனே, எதை வைத்துப் பார்ப்பது? எடுத்துப் பார்த்துச் சொல். சீக்கிரம் சொல் அக்கா.

ஸ்வப்னா

---

கோச்சடை
7 ஆகஸ்ட், வியாழன்

ஸ்வப்னாவுக்கு,

பாத்ரூமில்தான் விழுந்தேன். முத்திருளனுக்குக் கட்டு இறக்குகிற வேலையைத் தவிர எல்லா வேலையும் உண்டு.

'அபேட்' என்றால் தணிவது, குறைவது. நான் 'சப்ஸைட்' என்பதற்குத்தான் வட்டம் போட்டிருந்தேன். தாளை எடுத்துப் பார்த்துவிட்டேன். நீதான் சரியாகப் பார்க்கவில்லை. அல்லது பார்த்ததை மறந்திருப்பாய்.

ஐந்தாம் பட்டியல் இத்துடன். அப்பா நன்றாக இருக்கிறார்.

ரங்கநாயகி

---

கோச்சடை
14 ஆகஸ்ட், வியாழன்

ஸ்வப்னா,

செவ்வாய்க்கிழமை முத்திருளன் பட்டியலை மட்டும் கொண்டுவந்தார், கடிதம் இல்லை. போன வெள்ளிக்கிழமையும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? இரண்டு வரியாவது எழுது.

ரங்கா

---

திருநகர்
18 ஆகஸ்ட், திங்கள்

அக்கா,

இதை எழுதுவதா வேண்டாமா என்று பத்து நாள் யோசித்தேன். உன்னைத் தவிர யாரிடம் சொல்வேன்?

எனக்கும் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு வந்தது.

டாக்டர் அப்பாவைப் பார்த்த அன்று நீ மருந்து வாங்கப் போயிருந்தாய். பிள்ளைகளுக்கும் வருமா என்று நான் கேட்டேன். அபூர்வமாகச் சில குடும்பங்களில் வருவதுண்டு, சின்ன வயதிலேயே வருவதும் உண்டு என்றார். நீ பயப்படுவாய் என்று உன்னிடம் சொல்லவில்லை. அப்பாவுக்கு எப்படி ஆரம்பித்தது, நினைவிருக்கிறதா? விற்காத சேலையை விற்றுவிட்டேன் என்பார். எந்த வாடிக்கைக்காரி, எந்த நிறம், பேரம் பேசும்போது அவள் குழந்தை அழுதது எல்லாம் சொல்வார். ஒன்றுமே நடந்திருக்காது. நானும் அப்படித்தான் அசிஸ்டைப் பார்த்திருக்கிறேன், மை இழுபட்டது உட்பட. இல்லாத வட்டத்தைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் அல்ல. மார்க்கைப் பார்த்தால் பத்துப் பதினைந்தில் பார்த்திருக்கிறேன்.

டயானா அகராதியை நீட்டினாள். "பாத்துட்டா முடிஞ்சிருச்சுல்ல, ஏன்க்கா இதுக்குப் போயிப் பயப்படுற?" என்றாள். நான் வாங்கவில்லை. பார்த்தால் உறுதியாகிவிடும். தினமும் என்னை நானே சோதித்துக்கொள்கிறேன். நம் தெருவின் வீடுகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன், ஆறாவது வீட்டில் யார் என்று வரவே இல்லை. நேற்று மதியம் வார்டன் வந்து, "ஏம்மா, இம்புட்டு நேரமாச் செவத்தையே பாத்துக்கிட்டு இருக்கியே, சாப்பிட வாரியா இல்லையா?" என்று கேட்ட பிறகுதான் மணி மூன்றாகிவிட்டது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேர்வுக்கு நான் போகவில்லை. வெள்ளிக்கிழமை முத்திருளன் அண்ணன் வண்டியிலேயே வீட்டுக்கு வந்துவிடுகிறேன். இனிமேல் அந்த வீட்டில் நீ ஒருத்திதான் தெளிவோடு இருப்பாய். ஒருநாள் நானும் உன்னைப் பார்த்து யார் என்று கேட்டால் கோபப்படாதே அக்கா. அப்பாவிடம் பொறுமையாக இருப்பது போல என்னிடமும் இரு.

ஸ்வப்னா

---

கோச்சடை
21 ஆகஸ்ட், வியாழன்

ஸ்வப்னா,

உனக்கு ஒன்றும் இல்லை. முதலில் இதைப் படித்துவிடு. உனக்கு எந்த நோயும் இல்லை. நீ பார்த்தது அசிஸ்ட்தான். மூன்றாவது ஆப்ஷன், மை கீழே இழுபட்டிருந்தது. நான்தான் அங்கே வட்டம் போட்டேன். தப்பு என்று தெரிந்தே போட்டேன்.

நீ அஸ்ஸாம் என்று எழுதிய கடிதம் ஜூலை 18-ஆம் தேதி வந்தது. அதற்கு ஆறு நாள் முன்பே ஆயா நின்றுவிட்டாள், அப்பா அவள்மேல் டம்ளரை வீசினார் என்று. உன்னிடம் சொல்லவில்லை. ஜூலை 21-ஆம் தேதி திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி, நான் மூன்றாம் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா பின்னால் வந்து நின்றார். "யார் நீ? என் கடைக் கணக்கில் என்ன எழுதுகிறாய்?" என்று கேட்டார், நம் பாஷையில், ரொம்ப மரியாதையாக. "நான் ரங்கா" என்றேன். கோலை என் கையின்மேல் இறக்கினார். எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாம் தடவை ஓங்குவதற்குள் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மூன்று மணி நேரம் கதவைத் தட்டினார். திருடி, வெளியே வா, வெளியே வா என்று. வாளியைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்திருந்தேன். ஸ்வப்னா, நாற்பத்திரண்டு வயதில் அவ்வளவு பயந்து நான் அழுதது இல்லை. நீ இருந்திருந்தால் "அப்பா" என்று ஒரு அதட்டில் அடங்கியிருப்பார். அதை மட்டும்தான் திரும்பத் திரும்ப நினைத்தேன். மூன்று வருடமோ ஐந்து வருடமோ, என்ன இப்போது என்று எழுதியிருந்தாயே, அந்தத் தாள் மேஜைமேல் இருந்தது.

மறுநாள் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து இடது கையால் மீதி வெர்ப்களை எழுதினேன். சிவப்புப் பேனாவை எடுத்தேன். கை தவறியது என்று சொல்ல மாட்டேன். எந்தத் தப்பான விடையை நீ நம்புவாய் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். பெரிதாகத் தோற்கடிக்க நினைக்கவில்லை. இரண்டு மார்க்கில் நழுவினால் போதும், வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன். அதற்கு எத்தனை வட்டம் மாற்ற வேண்டும் என்று கணக்குக்கூடப் போட்டேன்.

அதைவிடப் பெரிய பாவம் இந்த மாதம் 7-ஆம் தேதி எழுதிய கடிதம். நீ அவ்வளவு துல்லியமாக ஞாபகம் வைத்துக் கேட்டாய். நான் அதை மறதி என்று சொன்னேன். தாளை எடுத்துப் பார்த்தேன் என்றதும் பொய். திரும்பி வந்த தாள்களை அன்றன்றே கிழித்துக் குப்பை வண்டியில் போட்டுவிட்டேன். உன் கடிதம் படித்த பிறகு நேற்று முழுக்க உட்கார்ந்து யோசித்தேன். மாற்றியது பதினான்கோ பதினைந்தோ இருக்கும். ஒன்பது நினைவுக்கு வந்தது. சரியான விடைகளோடு பின்பக்கம் எழுதியிருக்கிறேன். 'ஃப்ளவுட்' என்றால் மீறுவது, பகட்டுக் காட்டுவது இல்லை. 'பெரூஸ்' என்றால் படிப்பது, துரத்துவது இல்லை. 'அவெர்' என்றால் உறுதியாகச் சொல்வது, தவிர்ப்பது இல்லை. மற்றவற்றையும் பார்த்துக்கொள். மீதி ஐந்தோ ஆறோ எவ்வளவு யோசித்தும் வரவில்லை. முதல் இரண்டு பட்டியல் முழுக்கச் சரி, அதை நம்பு.

நேற்றுக் காலையில் ஆபீஸ் நம்பருக்குக் கூப்பிட்டேன். "வீட்ல யாருக்கும்மா முடியல?" என்று வார்டன் கேட்டார். போனை வைத்துவிட்டேன். இந்தக் கடிதமாவது உன்னிடம் சேர வேண்டும். முத்திருளனிடம், "அண்ணே, மொதல்ல இதக் குடுங்க, அப்புறம் கட்டை எறக்குங்க" என்று சொல்லப் போகிறேன்.

தேர்வுக்குப் போ. என்னை மன்னிக்க வேண்டாம். தேர்வுக்கு மட்டும் போ.

ரங்கா

---

திருநகர்
25 ஆகஸ்ட், திங்கள்

அக்கா,

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். உன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இதைப் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்ததும் சிரித்துவிட்டேன். வாய்விட்டு, மூச்சு வாங்கும்வரை சிரித்தேன். எனக்கு ஒன்றும் இல்லை, எனக்கு ஒன்றும் இல்லை என்று டயானாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன். அதற்கு மேலே படிக்கப் படிக்கத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன்னை அடிக்க வேண்டும் போல இருந்தது. அந்தக் கட்டுப் போட்ட கையைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டில் எது கோபம், எது பாசம் என்று இன்னும் எனக்குப் புரியவில்லை.

அகராதியை வாங்கினேன். வெள்ளியும் சனியும் உன் கடைசி மூன்று பட்டியலிலிருந்து நினைவில் இருந்த வெர்பையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நூற்றுப்பத்து வந்தது. நீ சொன்ன ஒன்பது போக இன்னும் இரண்டு தப்பைக் கண்டுபிடித்தேன். மீதி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியவில்லை. இனி எப்போதும் தெரியாது.

தேர்வுக்குப் போனேன். வெர்ப் கேள்வி ஏழு வந்தது. ஐந்து எனக்கு நன்றாகத் தெரியும். 'ரிலென்ட்' என்று ஒன்று, இரங்குவது, மனம் இளகுவது. அது உன் நான்காம் பட்டியலில் இருந்ததா, எங்கேயாவது நானே படித்ததா என்று தெரியவில்லை. இரண்டாவது ஆப்ஷன் சரி என்று புத்தி சொல்கிறது. கை போகவில்லை. இவள் என்னை இங்கே கொண்டுவந்து விட்டிருப்பாளோ என்றுதான் தோன்றியது. இவள் என்று நான் நினைத்தது உன்னை, அக்கா. கூடப் பிறந்தவளை நினைத்துப் பயந்தேன். அதையும் இன்னொன்றையும் தொடாமல் விட்டுவிட்டேன்.

ஆனாலும் தேறிவிடுவேன். கணக்கு அவ்வளவு நன்றாக எழுதியிருக்கிறேன், அந்த இரண்டு கேள்வியால் ஒன்றும் ஆகாது. நீ போட்ட கணக்கு தப்பாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை வருகிறேன். முதலில் உன் கையை எலும்பு டாக்டரிடம் காட்ட வேண்டும். வேலை வர மாதங்கள் ஆகும், அதுவரை அப்பாவிடம் நான் இருக்கிறேன். அவரை முழுநேரமும் பார்த்துக்கொள்ள ஒரு ஆண் ஆள் தேடுவோம், கிடைக்காவிட்டால் அவரைச் சேர்க்கும்படி ஒரு நல்ல இடம் பார்ப்போம். அந்தக் கோலை இதைப் படித்த உடனே முத்திருளன் அண்ணன் வண்டியில் ஏற்றி அனுப்பிவிடு. நான் வரும்போது வீட்டில் இருக்கக் கூடாது.

இப்போது நான் சொல்ல வேண்டியது. அப்பா என் சொல்லுக்கு அடங்குகிறார் என்று நீ நினைத்தாய். ஒவ்வொரு தடவை நான் அதட்டும்போதும் அவர் கண் என் முகத்தில் தேடும், ஒன்று, இரண்டு, மூன்று என்று எனக்குள் எண்ணுவேன். முதலில் உடனே தெரிந்துகொள்வார். ஜூன் மாதம் நான் பத்து எண்ணும்வரை தேடினார். இன்னொரு நாள் பத்தும் தாண்டிவிடும், கோல் என்மேல் விழும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குள் ஓடிவிட வேண்டும் என்றுதான் திருநகர், அதற்குத்தான் அஸ்ஸாம். பதவி உயர்வு எல்லாம் சும்மா எழுதியது. கிளம்பிய அன்று நீ சமையலறை வாசலில் நின்று ஏதோ சொல்ல வாயெடுத்தாய். என்ன சொல்லப் போகிறாய் என்று எனக்குத் தெரியும். பயமாக இருக்கிறது, போகாதே என்று சொல்லப் போனாய். நீ அதைச் சொல்லிவிடக் கூடாது என்று நான்தான் சண்டையை இழுத்தேன்.

அன்றைக்கு நீ கேட்டிருந்தால் நான் போயிருக்க மாட்டேன், அக்கா. நீ செய்ததையெல்லாம் படித்த பிறகு, இப்போது கேட்டாலும் போக மாட்டேன். வெள்ளிக்கிழமை நான் வந்து நிற்கும்போது, தயவுசெய்து கேட்காதே.

ஸ்வப்னா